கல்யாணப் பத்திரிகையும் காவல் நிலையக் கோப்பும்: நம் எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேருக்கும் மாநிலங்களவைக்குப் போயிருக்கும் 18 பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். யார் எந்தக் கட்சி, எந்தக் கூட்டணி என்று பார்க்கவில்லை. நான் சொல்லப்போகும் விஷயத்தில் ஆளுங்கட்சிக்காரருக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும் ஒரே ஆபத்துதான்.

நான் ஒரு சிறிய ஊரில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஓய்ந்த நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு மனுவும் தட்டச்சு செய்து தருவேன். என் கடைக் கணினியில் 'பத்திரிகை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. 19 ஆண்டுகளாக அடித்த திருமண அழைப்பிதழ்கள் எல்லாம் அதில்தான் கிடந்தன. பழைய மாடலைக் கேட்டு யாராவது வருவார்கள் என்று அழிக்காமல் வைத்திருந்தேன்.

கல்யாணப் பத்திரிகை ரகசியம் கிடையாது. ஊர் முழுக்க மஞ்சள் தடவிக் கொடுப்பது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடக் கொடுப்போம். ஆனால் ஒருநாள் பழைய டிசைன் ஒன்றைத் தேடி அந்த ஃபோல்டருக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. எந்த வீட்டுக்கு எந்த வீடு சம்பந்தி, யார் என்ன சாதி, யார் சாதி மாறிக் கட்டியிருக்கிறார், அப்படிக் கட்டியவரின் தம்பி பத்திரிகையில் அண்ணன் பெயர் ஏன் இல்லை, 2011-இல் தாய்மாமன் வரிசையில் முதலில் இருந்தவர் 2016-இல் ஏன் காணாமல் போனார், யார் துபாயில், யார் சிங்கப்பூரில், யார் எந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளரை 'தலைமை' என்று போட்டார், அடுத்த கல்யாணத்தில் எந்தக் கட்சிக்கு மாறினார், எல்லாம் அதில் இருந்தது. அத்தனையும் அந்தந்த வீட்டார் தாங்களே அச்சடித்து ஊருக்குக் கொடுத்தவைதான். ஆனாலும் அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டு முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பேனா என்றால், மாட்டேன். ஒவ்வொரு பத்திரிகையும் ஒரு கல்யாணத்துக்கு வரச்சொல்லி அடித்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் அது ஊரின் கோப்பாகிவிடுகிறது. அப்படி ஒரு கோப்புக்கு யாரும் சம்மதம் கொடுக்கவில்லை.

அச்சகக்காரனான எனக்குத் தெரிந்த இந்த வித்தியாசம், நாடாளுமன்றம் 2023-இல் இயற்றி வைத்திருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு வரச்சொன்னார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, இரண்டு சாட்சிகள் எல்லாம் தயாராக எடுத்துப் போனேன். அங்கிருந்த ஏட்டு மரியாதையானவர், என்னைவிடச் சின்ன வயது. "உட்காருங்கண்ணே, டீ சாப்பிடுறீங்களா" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே, "2019-ல தண்ணி பிரச்சினைக்கு மறியல் நடந்துச்சே, அதுல இருந்தீங்களாண்ணே?" என்றார். இருந்தேன். எங்கள் தெருவே இருந்தது. வழக்கு எதுவும் போடவில்லை, லாரி வந்ததும் கலைந்துவிட்டோம். அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். கூட்டத்தின் பின்னால் நான் நிற்கிறேன், கையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம். பக்கத்து வீட்டுப் பையன் பேஸ்புக்கில் போட்ட படம். அவனே அதை மறந்திருப்பான்.

அடுத்து என் மச்சான் எந்தக் கட்சி என்று கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டு நான் போட்டிருந்த ஒரு பதிவின் ஸ்கிரீன்ஷாட் இருந்தது, மின்கட்டணம் பற்றியது. என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய பழைய படம் ஒன்றும் இருந்தது. சீருடை தெரிகிறது, பின்னால் பள்ளியின் பெயர்ப் பலகை தெரிகிறது. அது எதற்கு அந்தத் தாள்களோடு வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடைசியாக, "இந்த அடிதடி கேஸ் உங்களுதா?" என்று ஒரு வரியைக் காட்டினார். என் பெயர், என் இனிஷியல். ஆனால் அது நான் இல்லை. அடுத்த தாலுகாவில் இருக்கிற வேறு ஆள். சொன்னேன். "சரிண்ணே" என்று ஏதோ எழுதினார். அந்த வரியை அடித்தாரா, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாரா, எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தாள் தலைகீழாகத்தான் தெரிந்தது.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அந்த ஏட்டின் மேல் எனக்குக் கோபமும் இல்லை, எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுதப்போவதுமில்லை. அவர் கையில் கொடுத்ததைத்தான் அவர் கேட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "இனிமே எதுக்கும் போய் நிக்காதீங்க." போன மாதம் எங்கள் தெருவில் சாக்கடைக்காக மனு கொடுக்கக் கூடினார்கள். மனுவை நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். கூட்டத்தோடு போகவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று ஒரு சாக்குச் சொன்னேன். 52 வயதில் ஒரு சாக்கடை மனுவுக்குப் பயந்தவனாக ஆனேன். அதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன்.

மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையிலும் 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தில் அவை கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. 11-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். ஒரு தலைமுறையின் அந்தரங்கத்தைத் தீர்மானிக்கும் சட்டம் இவ்வளவு வேகமாக ஓடியது.

அதில் 3-ஆம் பிரிவைப் பாருங்கள். இந்தச் சட்டம் எவற்றுக்குப் பொருந்தாது என்று சொல்லும் இடம் அது. ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தனிப்பட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. விளக்கமாக ஒரு உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: ஒரு பெண் தன் கருத்துகளை எழுதும்போது தன்னைப் பற்றிய தகவலைச் சமூக வலைதளத்தில் பொதுவில் வைக்கிறார், அப்படியானால் இந்தச் சட்டத்தின் விதிகள் பொருந்தாது. அவ்வளவுதான். யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள், எத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்கள், எதனோடு சேர்க்கிறார்கள் என்ற எந்தக் கேள்வியும் அங்கே இல்லை. அந்தப் பெண் தன் மனதில் பட்டதை எழுதிய ஒரே காரணத்துக்காக முழுப் பாதுகாப்பையும் இழக்கிறார்.

என் படத்தைப் போட்டது நான் இல்லையே, பக்கத்து வீட்டுப் பையன்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், பிரிவை நுணுக்கமாகப் படித்தால் அந்தப் படம் இந்த விலக்கில் வராது. ஆனால் அதற்கும் வேறு கதவு திறந்திருக்கிறது. குற்றத்தைத் தடுக்க, கண்டறிய, விசாரிக்க என்று சொன்னால் இதே சட்டத்தின் 17(1) பிரிவு பெரும்பாலான கடமைகளைத் தளர்த்துகிறது. 17(2)(அ) இன்னும் ஒரு படி மேலே போகிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கை செய்யும் எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டமே பொருந்தாது. அந்த அமைப்பு மத்திய அரசுக்குக் கைமாற்றும் தகவலுக்கும் பொருந்தாது. எந்த அமைப்பு என்று முடிவு செய்வதும் அரசு, விலக்கை அனுபவிப்பதும் அரசு.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2018 ஜூலையில் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த தரவுப் பாதுகாப்பு மசோதா வரைவை எடுத்துப் பாருங்கள். அதன் 42-ஆம் பிரிவும் நாட்டின் பாதுகாப்புக்காக விலக்குக் கொடுத்தது. ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் அனுமதித்திருக்க வேண்டும், அந்தச் சட்டம் சொல்லும் நடைமுறைப்படி நடக்க வேண்டும், தேவையானதாகவும் தேவையின் அளவுக்கு மட்டுமானதாகவும் இருக்க வேண்டும் என்று கட்டுப்போட்டது. கட்டு இருந்தது, அவிழ்த்துவிட்டார்கள். அந்த வரைவு 2019 மசோதாவாக மாறி, அது 2022-இல் திரும்பப் பெறப்பட்டு, 2023-இல் சட்டமாக வந்து சேர்ந்தபோது அந்த வரிகள் இல்லை.

"தெருவில் போனால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள், போலீஸ்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி பேஸ்புக்குக்கு முந்தையது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்றொருவர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் காவல்துறை அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் என்ற கண்காணிப்புக் கோப்பைத் திறந்தது. வீட்டைச் சுற்றி மறைந்திருந்து கண்காணிப்பது, இரவில் கதவைத் தட்டுவது, எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று காவலரும் ஊர்க் காவல்காரரும் குறித்துக்கொண்டே இருப்பது என்று பல ஆண்டு நடந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரவில் வீடு தேடி வருவது மட்டும் தப்பு என்றது பெரும்பான்மை. மற்றதெல்லாம் வெளியே நடப்பதுதானே, அவருக்குத் தெரியாமல் நடப்பதுதானே, அதில் என்ன உரிமை பறிபோகிறது என்று விட்டுவிட்டது.

நீதிபதி கே. சுப்பா ராவ் ஒப்புக்கொள்ளவில்லை. நீதிபதி ஜே.சி. ஷாவும் அவர் பக்கம் நின்றார். நிழல்போல் பின்தொடரப்படும் மனிதன் நடமாடலாம், ஆனால் அது ஒரு இயந்திரத்தின் நடமாட்டமாகத்தான் இருக்கும் என்ற பொருளில் சுப்பா ராவ் எழுதினார். கால் கட்டப்படவில்லை, மனசு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. சாக்கடை மனுவுக்குப் போகாமல் கடையில் உட்கார்ந்திருந்த அன்று எனக்கு நடந்ததும் அதேதான். அவர் எழுதி 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

55 ஆண்டு கழித்து, 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு. கரக் சிங் தீர்ப்பில் அந்தரங்க உரிமை கிடையாது என்றிருந்த பகுதியையும் தள்ளிவைத்தார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்கு மனப்பாடமான கருத்து ஒன்று உண்டு. ஒருவர் பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே அவருடைய அந்தரங்கம் தொலைந்துபோவதில்லை, அது இடத்தோடு ஒட்டியதல்ல, மனிதரின் கண்ணியத்தோடு ஒட்டியது என்று நீதிபதி சந்திரசூட் எழுதிய பகுதி. இதை எழுதிய ஆறே ஆண்டில், பொதுவில் வைத்தால் பாதுகாப்பு இல்லை என்று நாடாளுமன்றம் சட்டம் போடுகிறது. உங்களில் எத்தனை பேர் அந்தப் பிரிவை எழுந்து நின்று கேள்வி கேட்டிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பொது ஆவணத்தில் இருக்கும் தகவலுக்கு அந்தரங்கம் கிடையாது என்ற வாதத்துக்கு நம் ஊர் வழக்கு ஒன்றைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1994-இல் வந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடப் போனபோது, சிறைத்துறை அதிகாரி தடுக்கப் பார்த்தார். அரசு முன்கூட்டியே தடைபோட முடியாது, பொது ஆவணங்களில் இருப்பதைச் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு பத்திரிகைக்காரனுக்கு அரசிடமிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி எழுத வழிவிட்டது. அதை அப்படியே திருப்பி, அதிகாரத்தில் இருப்பவர் சாதாரண ஆளைப் பற்றிக் கோப்பு போட வழி என்று வாசிப்பது நியாயமே இல்லை. அதே தீர்ப்பு, பாலியல் கொடுமைக்கோ கடத்தலுக்கோ உள்ளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக்கூடாது என்று ஒரு வேலியும் போட்டது. ஆவணத்தில் வந்துவிட்டது என்பதாலேயே எல்லாம் போயிற்று என்று 1994-லேயே நீதிமன்றம் நினைக்கவில்லை.

அரசு இப்படியெல்லாம் செய்யுமா என்று கேட்பவர்களுக்கு 2018 நினைவிருக்கட்டும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 'சமூக ஊடகத் தொடர்பு மையம்' என்று ஒரு திட்டத்துக்கு டெண்டர் விட்டது. மாவட்டந்தோறும் ஆள் போட்டு, மக்கள் இணையத்தில் என்ன பேசுகிறார்கள், என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று மென்பொருள் வைத்துத் திரட்டுவது. அப்போது மேற்கு வங்கச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த மஹுவா மொய்த்ரா வழக்குப் போட்டார். இது கண்காணிப்பு அரசை உருவாக்குவதுபோல் இருக்கும் என்று நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் சொன்னார். ஆகஸ்ட் 3-ஆம் தேதி திட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அரசு தெரிவித்தது. மக்கள் பிரதிநிதி ஒருவர் கேட்டதால் நின்றது என்பதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அப்போது சட்டம் இல்லை. இப்போது சட்டமே விலக்கு கொடுத்துவிட்டது. நாளை அதே திட்டம் வேறு பெயரில் வந்தால், 3-ஆம் பிரிவைக் காட்டுவார்கள்.

என் போனை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் உள்துறைச் செயலாளர் மட்டத்தில் உத்தரவு வேண்டும். 1996-இல் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனைகளின்படி அந்த உத்தரவுக்குக் கால வரம்பு உண்டு, மறுஆய்வுக் குழு உண்டு. மீறினால் நீதிமன்றம் போகலாம். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது அவசரமும் இல்லை, பொதுப் பாதுகாப்பும் இல்லை, சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்ய முடியாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். ஆக, இரண்டு மாதம் என் பேச்சைக் கேட்கக் கையெழுத்து வேண்டும். பத்து ஆண்டு என் பதிவுகளை, நான் விருப்பம் போட்டதை, என் குழந்தையின் படத்தை, என் மச்சானின் கொடியை வரிசையாக அடுக்கி ஒரு கோப்பு போட ஒருவர் கையெழுத்தும் வேண்டாம். இரண்டில் எது ஒரு மனிதனை அதிகம் காட்டிக்கொடுக்கும்? என் போன் பேச்சில் பாதி 'பிளக்ஸ் ரெடியா' என்பதுதான்.

காவல்துறை இணையத்தைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாதிப் பெருமை பேசி, அரிவாளோடு படம் போட்டு, அடுத்த தெருப் பையனுக்குச் சவால் விடும் பதிவுகளை நானும்தான் பார்க்கிறேன். அதைப் பார்த்து முன்கூட்டியே இரண்டு போலீஸ்காரர் வந்து நின்றால் ஒரு உயிர் மிஞ்சும். 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்களே, அந்த வதந்தியை யாராவது நேரத்துக்குக் கவனித்து மறுத்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனசு பதறும். மிரட்டலைப் பார்ப்பது, வதந்தியைப் பார்ப்பது, கலவரத்துக்கு அழைப்பதைப் பார்ப்பது எல்லாம் வேண்டும். பொதுக்கூட்டத்தில் மேடையோரம் குறிப்பெடுக்கும் மஃப்டி காவலரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் மேடையில் பேசியதைக் குறிக்கிறார். கூட்டம் முடிந்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவர் பின்னாலும் வீடுவரை போவதில்லை. போகவும் முடியாது, கால் இரண்டுதான். மென்பொருளுக்கு அந்தத் தடை இல்லை. முன்னெல்லாம் ஆள் பற்றாக்குறையே நமக்குப் பாதுகாப்பாக இருந்தது. அது போன பிறகு சட்டம்தான் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

அப்புறம் பெயர்க் குழப்பம். இதை நம் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் மற்றவர்களைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு இனிஷியல், ஒரு பெயர். எஸ். முருகன் என்று என் கடையிலேயே ஏழு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'கே' போடுவார், ஒருவர் 'ஜி' போடுவார். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், பள்ளிச் சான்றிதழில் விரித்து. இதையெல்லாம் ஒரு மென்பொருள் பொதுவெளியில் அள்ளிவந்து பொருத்தினால் யார் தலையில் யார் வழக்கு விழும்? எனக்கு விழுந்தது.

ருமேனியாவில் ஒரு வழக்கறிஞருக்கும் விழுந்தது. ஆரெல் ரோட்டாரு என்று பெயர். பேச்சுரிமை ஒழிக்கப்பட்டதை எதிர்த்துக் கடிதம் எழுதியதற்காகக் கம்யூனிஸ்ட் ஆட்சி 1948-இல் அவரைச் சிறையில் போட்டது. ஆட்சி மாறிய பிறகு நிவாரணம் கேட்டுப் போனபோது, உளவுத்துறைக் கோப்பிலிருந்து ஒரு தாள் வந்தது: 1937-இல் மாணவராக இருந்தபோது தீவிர வலதுசாரி இயக்கத்தில் உறுப்பினர். அது அவரில்லை, அதே பெயர்கொண்ட வேறொருவர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2000 மே மாதம் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். பொதுவில் இருக்கும் தகவலானாலும், அரசு அதை முறையாகத் திரட்டிக் கோப்பில் சேமித்தால் அது அந்தரங்க வாழ்க்கைக்குள் வந்துவிடும், அதுவும் ஒருவரின் பழைய காலத்தைப் பற்றியதென்றால் இன்னும் கூடுதலாக. 'பத்திரிகை' ஃபோல்டருக்கு முன் உட்கார்ந்திருந்த அன்று எனக்குத் தோன்றியதை 17 நீதிபதிகள் கொண்ட அமர்வு சட்டமாகச் சொல்லியிருக்கிறது என்று பின்னால் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சேர்த்து வைத்த கோப்பு பத்திரமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள் யாரோ புகுந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். இன்னொன்றும் உறுத்துகிறது. இதே தரவுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. முன்பு, பொதுநலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்று சொன்னாலே போதும், மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று பொதுவாகச் சொல்லும் 8(2)-ஐப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு போகத்தான் வேண்டும். நாங்கள் ஒரு அதிகாரியைப் பற்றிக் கேட்டால் அந்தரங்கம், எங்களைப் பற்றி அவர்கள் சேர்த்தால் பொதுவெளி. இது எந்த ஊர் நியாயம்?

தரவுச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. தகவல் உரிமையைச் சுருக்கிய பிரிவு உடனே நடைமுறைக்கு வந்தது. மக்களுக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் உங்களிடம் கேட்கிறேன். 3-ஆம் பிரிவின் அந்த விலக்கு அரசு அமைப்புகளுக்குக் கிடையாது என்று ஒரு வரி சேர்க்கத் திருத்தம் கொண்டுவாருங்கள். ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 42-ஆம் பிரிவு வாசகத்தை 17-க்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். பொதுவெளித் தகவலைத் திரட்டி ஒருவர் பெயரில் கோப்பு திறக்க வேண்டுமானால் எழுத்துப்பூர்வமான உத்தரவு, காரணம், காலக்கெடு, ஒட்டுக்கேட்புக்கு இருப்பதுபோல் மறுஆய்வு வேண்டும். குழந்தைகளின் படம் அதில் வரவே கூடாது. மத்திய உளவுத்துறை (ஐ.பி.) 1887 முதல் இருக்கிறது, இன்றுவரை அதற்கென்று நாடாளுமன்றச் சட்டம் இல்லை. 2011-இல் எம்.பி. மணீஷ் திவாரி, அரசு சார்பில் இல்லாமல் உறுப்பினர் என்ற முறையில், அதற்காகத் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. அதையும் தூசி தட்டி எடுங்கள். தனிநபர் மசோதா எங்கே நிறைவேறும் என்று சொல்லாதீர்கள். அவைக் குறிப்பில் ஏறினால்கூட நீதிமன்றத்தில் ஒருநாள் யாராவது எடுத்துக் காட்டுவார்கள்.

'பத்திரிகை' ஃபோல்டரை நான் போன வாரம் அழித்துவிட்டேன். டிசைன் மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். மூன்று இரவு ஆனது. வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை, சட்டமும் கேட்கவில்லை.

என்னைப் பற்றிய தாள் அழிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு கம்பெனியிடம் நான் சம்மதித்துக் கொடுத்த தரவில் தப்பு இருந்தால், தரவுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்ததும் திருத்தச் சொல்லலாம். அந்த அடிதடி வழக்கு வரிக்கு அந்தப் பிரிவு உதவாது. தகவல் உரிமையில் கேட்கலாமா என்று பார்த்தால், அந்தத் தாளை எந்த அலுவலகம் தயாரித்தது என்பதே எனக்குத் தெரியாது. உளவு அமைப்பு என்று அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஊருக்கெல்லாம் மனு தட்டச்சு செய்து கொடுப்பவன் நான். பட்டா மாறுதலுக்கு யாருக்கு எழுதுவது, முதியோர் உதவித்தொகைக்கு யாருக்கு, தெருவிளக்குக்கு யாருக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த ஒரு வரியை நீக்கக் கேட்டு மனு எழுத உட்கார்ந்தேன். 'பெறுநர்' என்று தட்டச்சு செய்தேன். அதற்குக் கீழே என்ன போடுவது என்று தெரியாமல்தான் உங்கள் 57 பேருக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்த ஒரு அச்சகக்காரன்